அடிக்குறிப்பு நாற்பத்தொன்று

ரோஹைசான் விதிகளைச் சொல்லிவிட்டார்:
பேனா கூடாது, பென்சில் மட்டும்,
நாலரைக்குப் பூட்டிவிடுவேன்.
கோப்பை என்முன் வைத்துவிட்டு
நாசி லெமாக் பொட்டலத்தோடு வெளியே போனார்.

கோலாலம்பூரிலிருந்து ரயில், பிறகு ஃபெரி,
பிறகு ஜார்ஜ்டவுனின் வெயில்.
இத்தனையும் ஒரு கட்டுரைக்காக.
தலைப்பே இரண்டு வரி நீளம்;
அதில் ‘நடைமுறை நியாயம்’ வருகிறது,
‘ஏற்புடைமை’ வருகிறது,
ஆள் யாரும் வரவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டு.
அரசுத் தரப்பு எதிர் காத்தான் த/பெ சடையன்.
பாடநூல்கள் மூன்றில் இருக்கிறது இந்த வழக்கு.
நானே நான்காண்டு வகுப்பெடுத்திருக்கிறேன்:
எச்சரித்த பின் தந்த வாக்குமூலம் செல்லும்.
‘காத்தான் விதி’ என்று பலகையில் எழுதுவேன்.
தேர்வில் வந்தால் பத்து மதிப்பெண்.

அவன் சுமைதூக்கி என்பது
இன்றுதான் தெரியும்.

வெல்ட் கீயில் ஒரு கிடங்கு, பதினான்கு மரப்படி.
அடியில் சூசை, மண்டை பிளந்து.
காலையில் இருவருக்கும் ஏழு வெள்ளிக்குச் சண்டை;
கேட்டவர்கள் மூன்று பேர்.
மாலையில் நடந்ததைப் பார்த்தவர் ஒருவருமில்லை.
இருப்பது வாக்குமூலம்,
கைதாகி இருபத்து மூன்றாம் மணியில் எடுத்தது.
தட்டச்சில், ஆங்கிலத்தில், ஒன்பதாம் வரி:
அவனைத் தீர்த்துக்கட்டினேன்.

அதற்கு முந்திய கையெழுத்துப் படியில்
அதே வரியின் ஓரத்தில்
பென்சிலால், தமிழில்:
போட்டுட்டேன்.
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினேன்.

சாவியை எங்கேயோ போட்டுட்டேன்.
உலையில அரிசி போட்டுட்டேன்.
குடிமயக்கத்தில் கனத்தவனை முதுகில் சுமந்து
எட்டாம் படியில் கால் வழுக்கிப் போட்டுட்டேன்.
ஆளையே போட்டுட்டேன்.
முந்நூற்றிரண்டாம் பிரிவுக்கும் வீட்டுக்கும் நடுவே
‘கீழே’ என்று ஒரு சொல்.
அவன் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை.

மொழிபெயர்த்தவருக்குச் சந்தேகம் இருந்திருக்கிறது.
அது தட்டச்சுப் பொறியில் ஏறவில்லை.
சாப்பாட்டு நேரமாக இருக்கலாம்,
இன்ஸ்பெக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்திருக்கலாம்.
ஜூரிகள் ஏழு பேர், ஐந்துக்கு இரண்டு.
மேல்முறையீட்டுத் தீர்ப்பு எட்டு வரி.
கடைசித் தாளில் ஒரு தேதி, ஒரு நேரம்:
விடிவதற்குக் கொஞ்சம் முன்.

பல்கலைக்கழகத்தில் சியூ யென் கேட்டாள்:
அப்படியென்றால் எதுதான் சரியான மொழிபெயர்ப்பு?
இரண்டும், என்றேன்.
இரண்டும் என்று கோர்ட்டில் சொல்ல முடியாதே.
அதைத்தானே எழுதுகிறேன், என்றேன்.
வீட்டுக்கு வந்து பார்த்தால்
எழுதியதில் அது இல்லை.

இரண்டாம் மதிப்பீட்டாளரின் கருத்து:
ஒற்றை வழக்கு, சான்றாகாது. நீக்கலாம்.
நான் நீக்கவில்லை.
நாற்பத்தொன்றாம் அடிக்குறிப்புக்கு இறக்கினேன்,
மெதுவாக,
படி படியாகப் பார்த்து.

அங்கே அந்தச் சொல்லுக்கு ஆங்கிலம் தேவைப்பட்டது.
தட்டிய ஒவ்வொரு வினையும்
தீர்ப்பாகவே வந்து விழுந்தது.
மூன்று முறை அழித்தேன்.
கடைசியில் தமிழிலேயே விட்டுவிட்டேன்,
கேள்விக்குறியோடு.

நேற்று அச்சுப்படி வந்தது.
போட்டுட்டேன் இருந்த இடத்தில்
பன்னிரண்டு வெற்றுப் பெட்டிகள், வரிசையாக.
கேள்விக்குறி மட்டும் பிழைத்திருந்தது.
ஓரத்தில் பதிப்பகத்தார் கேட்டிருந்தார்கள்:
இங்கே என்ன வர வேண்டும்?
இருபத்து நான்கு மணி நேரத்துக்குள்
தெரிவிக்கவும்.