ஒன்பது வரை எண்ணிய தீவு

காரின் முகப்பில் வரைபடத்தை விரித்து
மூலைக்கொரு லில்லிக்கோய்ப் பழம் வைத்தாள்
டார்லீன் ஒக்கிமோட்டோ.
காற்று அப்படி.

தீவைக் கூறுபோட்டு
ஒன்று முதல் ஒன்பது வரை எண்ணிட்டிருக்கிறார்கள்.
ஒன்று, எரிமலையின் மடி.
ஒன்பதில் இருந்தால்
அது உங்களைக் கண்டுகொள்ளாது.
"ஒண்ணுல நிலம் மலிவு" என்றாள்
சாயங்கால மீனுக்கு விலை சொல்வதுபோல.

ரோல்ஃபுக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டது.
டுலூத்தில் முப்பத்தோரு குளிர்காலம்
வாசலில் பனி வாரியதற்குக் கிடைத்த ஓய்வூதியம்.
கோனாப் பக்கம்தான் வேண்டும் அவனுக்கு,
மழை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும் பக்கம்.
எனக்கோ ஹிலோ ஆஸ்பத்திரியில் இரவுப் பணி.
நடுவே இரண்டு மலைகள்,
அவற்றின் இடுப்பில் தொண்ணூறு நிமிடச் சாலை.
விமானத்திலேயே இதைப் பேசி முடித்துவிட்டதாக
இருவருமே நினைத்திருந்தோம்.

கோனாவில் காபிச் சரிவில் ஒரு வீடு.
எங்கள் பணத்துக்கு
அதன் கார்க் கொட்டகை வரும்.

ஹிலோவில் ஒரு வீடு.
யாரோ அலமாரியில் விட்டுப்போன காலணிக்குப்
பச்சை மயிர் முளைத்திருந்தது.
டார்லீன் கதவைச் சாத்தினாள்,
தூங்கும் பிள்ளையின் அறையைச் சாத்துவதுபோல.

பூனாவில் ஒன்று. எண் இரண்டு.
கூரையிலிருந்து தொட்டிக்கு, தொட்டியிலிருந்து குழாய்க்கு
மழையைத்தான் குடிக்க வேண்டும்.
வங்கி தயங்கும், காப்பீடு கைவிரிக்கும்.
ஆனால் என்ன வெளிச்சம் அந்தச் சமையலறையில்!
ரோல்ஃப் மேடையைத் தடவிப் பார்த்தான்.
எல்லா ஜன்னலும் ஏன் மூடியிருக்கிறது,
ரேடியோ ஏன் இவ்வளவு சத்தமாய்ப் பாடுகிறது என்று
பகலில் எங்களுக்குத் தோன்றவில்லை.

இரவில் அவளிடம் சொல்லாமல் திரும்பிப் போனோம்.
கண்ணாடியை இறக்கியதும்
கோ-கீ, கோ-கீ, கோ-கீ.
கட்டைவிரல் நகத்தளவு தவளைகள்,
மரத்துக்கு ஆயிரம்.
பல்லுக்குள் கேட்டது எனக்கு.
ரோல்ஃப் காதிலிருந்த கருவியைக் கழற்றிச்
சட்டைப்பையில் போட்டுக்கொண்டு,
"எனக்கு ஆட்சேபணை இல்லை" என்றான்.

டார்ச்சோடு ஒருத்தி வந்தாள்,
இடுப்பில் தூங்காத குழந்தை.
"வழி தவறிட்டீங்களா?"
வீடு பார்க்கிறோம் என்றேன்.
"இருட்டிலயா?"

ஷெரில் மெடேரோஸ். பள்ளிக்கூடச் சமையல்காரி.
தெருக்கோடி வரை கூட்டிப் போனாள்.
தார்ச்சாலையின் மஞ்சள் கோடு
நேராகப் போய்க் கருங்கல்லில் முட்டி நின்றது.
ஆளுயரக் கல். ஒருகாலத்தில் ஓடிய கல்.
"அதோ, அந்த மேட்டுக்குக் கீழதான்
என் பழைய ஃப்ரிட்ஜ் இருக்கு."

பிறகும் ஏன் இங்கேயே, என்று கேட்டோம்.
மலைத்தெய்வத்தைப் பற்றி, மண்ணைப் பற்றி
ஏதோ சொல்லப்போகிறாள் என்று
நான் முகத்தைக்கூடத் தயார்செய்துகொண்டேன்.
"பெரியவனோட ஸ்கூல் பஸ் இங்கதான் நிக்கும்" என்றாள்.

பிறகு அவள் கேட்டாள்:
"எவ்வளவு நாள் இருப்பீங்க?
அந்த வீட்டை இதுவரை நாலு பேர் வாங்கிட்டாங்க.
நான் அவங்க நாய் பேரைக் கத்துக்கிறதுக்குள்ள
வித்துட்டுப் போயிடுறாங்க."

திரும்பும் வழியெல்லாம் தவளைகள்தான் பேசின.

வாங்கவில்லை.
ஹிலோவில் ஒரு டோஃபு கடைக்கு மேலே
இரண்டு அறை, ஓராண்டு வாடகைக்கு.
எண் மூன்று.
மலைக்கு எங்கள் முகவரி தெரியும்,
அவசரம் ஒன்றுமில்லை அதற்கு.
விடியுமுன் நான் வேலை முடிந்து படியேறும்போது
கீழே சோயா வேகும் வாசனை.

முதல் சம்பளத்தில் வாங்கியது
காற்றிலிருந்து ஈரம் பிழியும் எந்திரம்.
ராத்திரியில் ஒரு வாளி நிறைந்துவிடுகிறது.
காலையில் ரோல்ஃப் அதைத் தூக்கிக்கொண்டு
நொண்டி நொண்டிப் பின்வாசலுக்குப் போகிறான்,
கொட்டும் மழையில்
அந்தத் தண்ணீரையும் கொட்டுகிறான்.

"இதுவும் பனி வாருறதுதான்" என்கிறான்.
"என்ன, இங்க
அதுவே உருகி வருது."