பதின்மூன்று கட்டம்

இடம் போதவில்லை என்று காலையிலிருந்தே முனகியது பெட்டி.
பழைய பைத்தான் ஒன்று சும்மாதானே கிடக்கிறது,
அதை எடுத்துவிடு என்றேன்.
அதோடு இவையும் போகும் என்று
நாலு பக்கத்துக்குப் பட்டியல் போட்டுக் காட்டியது.
தொடரலாமா என்றும் கேட்டது.
எதிரே ஆதார் திருத்தத்துக்கு ஆறு பேர்.
வாசிக்காமல் 'ஒய்' அடித்தேன்.

அணைத்துப் போட்டால்
சன்னல் இல்லை, ஐகான் இல்லை,
அம்மன் கொடையில் நான் எடுத்த
வாணவேடிக்கைப் படம் இல்லை.
கறுப்பு.
இடது மேல்மூலையில் மட்டும்
முக்கூடல் லாகின்:
என்று ஒரு வரி, பக்கத்தில் துடிக்கிற ஒரு கோடு.
வாங்கிய அன்று ஊர்ப்பேரையே அதற்கு வைத்திருந்தேன்.
இப்போது ஊர் என்னைப் பார்த்து
யாரென்று கேட்கிறது.

வண்ணார்பேட்டை சிந்தாமதார் போனில் சிரித்தான்.
"படந்தான் போயிட்டுக்கா.
ஆளு உள்ளதான் இருக்கு."

கடவுச்சொல் அடிக்கையில்
ஒரு நட்சத்திரம்கூட விழவில்லை.
ஒவ்வொரு எழுத்தாக இருட்டில் வைத்தேன்,
எடுத்துக்கொண்டது.

எல், எஸ்.
வந்தார்கள், முகமில்லாமல்.
தமிழில் பேரிட்டுச் சேர்த்த கோப்பெல்லாம்
வெள்ளைக் கட்டங்களாக நின்றன.
ஆவுடைத்தங்கத்துக்கு எட்டெழுத்து.
பதின்மூன்று கட்டம் நிற்கிறது:
புள்ளி தனி ஆள், கொம்பு தனி ஆள்
என்று எண்ணி வைத்திருக்கிறது இந்தக் கறுப்பு.
நீளத்தைப் பார்த்து, தேதியைப் பார்த்து
இது இவள் பிஎஃப், இது பலவேசம் பட்டா,
இது... இது யாருடையதோ
என்று தடவித் தடவிச் சொன்னேன்.

கேட்க ஆளில்லை.
ஆறு பேரில் ஐந்து பேர்
பாப்பாக்குடி சென்டருக்கு பஸ் ஏறியிருந்தார்கள்.
ஆவுடைத்தங்கம் மட்டும் மடியில் சொளவோடு,
"என்னால அலைய முடியாதுட்டி. நீ பாரு" என்று
இலை வெட்டிக்கொண்டிருந்தாள்.

வைஃபை வரவில்லை. போனைக் கேபிளில் கட்டினேன்.
சூடோ ஆப்ட் இன்ஸ்டால்.
வரப்போகிறவர்கள் பட்டியல்
ஆயிரத்துச் சொச்சம்.
இந்தமுறை வாசித்தேன்,
லிப் லிப் என்று தொடங்கும் வாயில் நுழையாத பேர்களை
ஒன்று விடாமல்.
"என்னட்டி, மந்திரமா?"
"மொய் நோட்டு" என்றேன்.
தொடரலாமா.

சிக்னல் ஒரு கோடு.
பத்தொன்பது சதத்தில் அவள் ஒரு கட்டு முடித்தாள்.
நாற்பதில் இரண்டாவது.
நாற்பத்தாறில் கரண்ட் போனது.
யூபிஎஸ் கோழிக்குஞ்சாகக் கத்திய
பதினோரு நிமிஷமும்
விசிறி இல்லாமல் ரெண்டு பேரும்
அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தோம்.
எழுபதில் அவளுக்கு நூல் தீர்ந்தது.
ஜெராக்ஸ் கட்டு பிரித்த நூலைக் கொடுத்தேன்.
"இது தடி நூலு, கம்பெனில கழிச்சிருவான்" என்று
திருப்பிக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தாள்.

மறுபடி கிளப்பினேன்.
என் வாணவேடிக்கை வரவில்லை,
யாரோ எங்கிருந்தோ வரைந்த ஊதா வந்தது.
தொட்டதும் அம்பு அசைந்தது, அது போதும்.
கோப்பறையைத் திறந்தால்
பதின்மூன்று கட்டமும் மடங்கி
எட்டெழுத்தாகி உட்கார்ந்திருக்கின்றன.
"இங்க பாருங்க, ஒங்க பேரு."
"கண்ணாடி எடுத்தாரலியே" என்றாள்.

பிஎஃப் பாரத்துக்குப் பெருவிரல் கேட்டது.
வைத்தாள்.
மீண்டும் முயல்க.
முந்தானையில் துடைத்து வைத்தாள்.
மீண்டும் முயல்க.
முப்பத்தொரு வருசம் பீடி முனை மடக்கிய விரல்,
ஆற்றுக் கல்லாக வழவழக்கிறது.

வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"ரேகை உள்ளதாம்ட்டி இருக்கு.
மேல தெரியல்ல, அவ்வளவுதான்."

சிவப்பு விளக்கு அணைந்து எரிந்தது.
வலதை மடியில் வைத்துவிட்டு
இடதை நீட்டினாள்.