கிரயம் ஆகாதது

கீஸ்டோன் மோட்டலில் பதினான்காம் அறை.
விரிப்பை உருவிக்கொண்டிருக்கிறேன்.
சட்டையில் குத்திய பெயரைப் படித்துவிட்டு
வாசலில் நின்று கேட்கிறார்,
நல்ல மனிதர்தான், கையில் காபி:
"மார்வெல்லா, உங்கள் சனத்துக்குப் பணம் வந்து கிடக்கிறதாமே,
வாங்கிக்கொண்டால் என்ன?"

கிடக்கிறது.
நான் பிறந்த வருஷம் கோர்ட்டு சொன்னது:
எடுத்தது தப்பு, இந்தா அதற்கு விலை.
அன்றிலிருந்து வாஷிங்டனில்
தீனி கேட்காமல், பனியில் நடுங்காமல்
வட்டி குட்டி போடுகிறது,
குட்டியும் குட்டி போடுகிறது.
பில்லியன் தாண்டிவிட்டதாம்.

தலைக்கு எவ்வளவு என்று
நானும் கணக்குப் போட்டதுண்டு, பொய் சொல்வானேன்.
ஜனவரியில், பைன் ரிட்ஜில்,
கேஸ் டாங்கின் முள் ஐந்தில் நின்ற இரவு
கரண்ட் பில் கவரின் முதுகில் போட்டேன்.
ஒரு பழைய பிக்கப் வண்டி வந்தது.
தம்பி டெல்மருக்குப் பல் கட்டினால்
டயர் இல்லாத பிக்கப்.
கவரை விறகடுப்பில் போட்டேன்.
அரை நிமிஷச் சூடு.

இவருக்கு எங்கிருந்து தொடங்குவது?
நாலில் மூன்று ஆண்கள் கையெழுத்திட்டாலொழிய
ஒரு பிடி மண் கைமாறாது:
அவர்களே எழுதிய தாள்.
பிறகு மலையில் பொன் தெரிந்தது.
பிறகு, கீறு, இல்லையேல் ரேஷன் மாவு இல்லை என்றார்கள்.
பத்தில் ஒருவர் தேறினார்.
பசித்தவன் கீறலைப்
பத்திரம் என்று படித்தார்கள்.

"விற்கவில்லை" என்கிறேன்.
"அதற்குத்தானே விலை கொடுக்கிறார்கள்."
"விற்கவில்லை" என்கிறேன்.
தலையணை உறையை உதறுகிறேன்.
காலிக் கோப்பையை எங்கே வைப்பதென்று தெரியாமல்
என் கையிலேயே தருகிறார்.

வேலை முடிந்தும் சில இரவு
காரிலேயே உட்கார்ந்திருப்பேன்.
மேலே, மலை நெற்றியில் வெட்டிய நாலு முகங்களுக்கு
விளக்கு, கொடி, கைதட்டல்.
அப்புறம் யாரோ சுவிட்சை அணைப்பார்கள்.
முகங்கள் போய்விடும்.
ஹே சாபா இருக்கும்,
மூக்கில்லாமல், மீசையில்லாமல்,
கறுப்பாக,
ஈரப் பைன் வாசனையோடு.

வீடு தொண்ணூறு மைல்.
பெட்ரோல் முள்ளைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவேன்.

வியாழக்கிழமை பள்ளிக்கூட ஜிம்மில் கூட்டம்.
மறுபடியும் அதே கேள்வி: வாங்குவதா, வேண்டாமா.
மடக்கு நாற்காலி, ஆறிப்போன சூப்,
ஒலிபெருக்கி பாதியில் நின்றுவிடும்.
டெல்மர் முன்வரிசையில் இருப்பான்.
"ஹியா" என்றால் எங்கள் பேச்சில் "இல்லை".
சொல்லிப் பாருங்கள்.
அதற்குப் பல் தேவையில்லை.