சேத மதிப்பீடு

பதினெட்டு வருடமாய் என் வேலை
எரிந்தபின் போவது.
கோப்பும் டேப்பும் ரப்பர் பூட்சுமாய்
ஈரக் கரிக்குள் இறங்கி
எங்கே தொடங்கியது என்று தேடுவது.
ஸ்விட்ச் போர்டா, ஊதுபத்தியா, கடன்காரனா.
எரிந்துகொண்டிருக்கும்போது
ஒரு தீயைக்கூடப் பார்த்ததில்லை.

நோசாவா. ஜனவரி பதினைந்து.
தெருவோரம் ஆளுயரப் பனி.
விடுதிக்கார மிசுஹோ
பழைய உடுப்பு போடச் சொன்னாள் சைகையில்;
பொறி விழும் என்பதற்கு
என் தோளில் விரல்களை உதறிக் காட்டினாள்.
என்னிடம் இருந்தது ஒரே கோட்டு,
அதுவும் மைத்துனனுடையது.

மைதான நடுவில் மரக்கோபுரம்.
காட்டிலிருந்து பீச் மரங்களை இழுத்துவந்து
ஊரே கூடிக் கட்டியது.
உச்சியில் நாற்பத்திரண்டு வயதுக்காரர்கள்
தோளில் கைபோட்டுப் பாடுகிறார்கள்.
அடியில் இருபத்தைந்து வயதுக்காரர்கள்
கயிற்றைப் பற்றி, கோபுரத்துக்கு முதுகுகொடுத்து.
இரண்டு வயதும் ஆண்களுக்கு ஆகாதாம்.
கண்டம் கழிய
மேலே இருப்பவன் உட்கார வேண்டும்,
கீழே இருப்பவன் அடிவாங்க வேண்டும்,
மிச்ச ஊர்
பந்தத்தோடு வந்து கொளுத்தப் பார்க்க வேண்டும்.

"நஷ்டம் வந்தால் யார் பொறுப்பு?"
கேட்டுவிட்டேன். வாய்ப் பழக்கம்.
பக்கத்தில் நின்ற தபால்காரர் தொமீ
கேள்வி புரியாமலோ, நன்றாகப் புரிந்தோ
மூங்கில் குழாயைச் சாய்த்து
என் காகிதக் கோப்பையில் சாக்கே ஊற்றினார்.

முதலில் பிள்ளைகள்.
மிசுஹோவின் மகன் தைச்சிக்கு எட்டு வயது.
அப்பா உச்சியில் இருப்பது தெரிந்தே
ஓடிவந்து பந்தத்தால் ஓங்கி அடித்தான்.
மேலிருந்து ஷுங்கோ கத்தினார்.
திட்டுகிறார் என்று நினைத்தேன்.
"சாப்பிடவில்லையா, இன்னும் பலமாய்!" என்றாராம்.
தொமீயின் கைபேசி தமிழில் சொன்னது,
செய்தி வாசிக்கும் குரலில்.

பிறகு பெரியவர்கள்.
பிறகு புகை.
பைன் கிளையால் தீயை அடித்து அணைக்கிறான் ஒருவன்,
பல் மட்டும் தெரிகிற முகம்,
மூக்கில் ரத்தம்,
அடித்த அதே கையால்
தன்னை எரிக்கவந்தவனின் சரிந்த தொப்பியை
நிமிர்த்தி வைத்து அனுப்புகிறான்.
அவன் திரும்ப வருகிறான் புதுப் பந்தத்தோடு.

இப்படி ஒன்றரை மணி நேரம்.

ஓரத்தில் விளக்குக் கம்பங்கள், இரண்டே இரண்டு.
முதல் பிள்ளை பிறந்த வீட்டார் நடுவது.
இந்த வருடம் ஊரில் இரண்டு வீடு
என்று விரல்காட்டிய தொமீ
அந்த விரல்களைச் சட்டென்று மடக்கிக்கொண்டார்.

எனக்கு நாற்பத்திரண்டு நடந்தபோது
யாரும் என்னை எங்கேயும் ஏற்றவில்லை.
ஒரு ஜவுளிக் கிடங்குக் கோப்பில்
காரணம்: வேண்டுமென்றே
என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.
சரியாகத்தான் எழுதினேன். பெட்ரோல் வாடை இருந்தது.
அந்த மனிதர் மேசைக்கு எதிரில்
நெடுநேரம் உட்கார்ந்திருந்தார்.
அந்தச் சொல்லுக்குள் ஒரு வேண்டுதலும் கிடப்பதை
அன்றைக்கு நான் கவனிக்கவில்லை.

கைதட்டல். சண்டை முடிந்தது.
மேலே இருந்தவர்கள் இறங்கினார்கள்.
காத்தவர்களே விலகி வழிவிட
கோபுரம் பிடித்துக்கொண்டது.
வடகிழக்கு மூலை, ஒன்பது ஐம்பத்திரண்டு;
குறித்துக்கொண்டேன், என்ன செய்ய.
கம்பங்களையும் சாய்த்துப் போட்டார்கள்.
வெக்கை மொத்தக் கூட்டத்தையும்
ஒரே கையால் பின்னுக்குத் தள்ளியது.
நான் முன்னே போயிருக்கிறேன்.
எப்போது போனேன் தெரியாது.
தொமீ என் தோளில் பனியை அறைந்தபோதுதான்
கோட்டு புகைவது தெரிந்தது.

காலையில் குளியலறைத் தொட்டியின் கீழிருந்து
இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.
உறைந்த குழாயோடு மல்லுக்கட்டும் ஷுங்கோ.
வெளியே வந்தார். ஒரு புருவம் இல்லை.
கண்டம் கழிந்ததா, கேட்க எனக்கு மொழியில்லை.
குழாய் இருமியது,
துருவாய்த் துப்பியது,
பிறகு வெந்நீர்.

கோட்டில் ஓட்டை, நாலணா அகலம்.
மைத்துனன் கேட்பான் எப்படி என்று.