வான் வரைக்கும்

நெற்றியின் இடப்பக்கம், மயிருக்குள்ளே,
சுண்டுவிரல் நகமளவு இரும்பு.
எடுத்தால்தான் ஆபத்து என்றார்கள் அப்போது.
காந்த மெஷினுக்குள் என்னை விடமாட்டார்கள்,
இரும்பு எழும்பி நடக்கப் பார்க்குமாம்.
ஆகையால் என் மூளையை இதுவரை
ஒருவரும் வடிவாகப் பார்த்ததில்லை.

கார்த்திகையில், சங்கக் கடையில்,
மண்ணெண்ணெய் வார்க்க நின்றேன்.
போத்தலின் வாய் சின்னது.
"அதை எடும், தர்மினி."
"எதையக்கா?"
"அதைத்தான். மேலே அகலம், கீழே ஒடுக்கம்."
காற்றில் இரண்டு கையாலும் பிடித்துக் காட்டினேன்.
வரிசையில் நின்றவர்கள் கூத்துப் பார்த்தார்கள்.
சொல் வரவில்லை.
எண்ணெய் என் காலில் ஊற்றுப்பட்டது.

மாஞ்சோலை கிளினிக்கில் புது டொக்டர், மாத்தறைப் பெடியன்.
அவருக்குத் தமிழ் அரைகுறை,
எனக்கு அந்த வாரம் அதைவிடக் குறைவு.
மேசைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும்
ஆளுக்கொரு சொல்லைத் தேடிக்கொண்டு இருந்தோம்.
பிறகு கிளினிக் கொப்பியின் பின்மட்டையில்
ஒரு கடற்குதிரை கீறினார்.
"தலைக்குள்ள. இங்க ஒண்டு, இங்க ஒண்டு."
காதுகளுக்கு மேலே தொட்டுக் காட்டினார்.
"நடந்தா வளரும். இருந்தா மெலியும்."
எவ்வளவு வேகம்?
"கதைக்கேலும், பாடேலாது. அவ்வளவு."

நடையா, டொக்டர்?
அக்கராயனிலிருந்து பொக்கணை வரை
ஏழு மாதம் நடந்தேனே,
தலையில் சருவச்சட்டி, சட்டிக்குள் காணி உறுதி.
அந்த நடையில் எந்தக் குதிரை வளர்ந்தது?
கேட்கவில்லை.
அவருக்கு அப்போது பன்னிரண்டு வயதிருக்கும்.
மருந்துத் துண்டில் 'நடை' என்று தமிழிலேயே எழுதித் தந்தார்,
ஐகாரக் கொம்பைப் பின்னால் போட்டு.

முத்தையன்கட்டுக் குளக்கட்டு.
துருசிலிருந்து வான் வரைக்கும், திரும்பித் துருசுக்கு.
விடிய ஐந்தரை.
முதல் கிழமை மூச்சு மட்டுந்தான் வந்தது.
இரவில் யானை கடந்த இடத்தில்
லத்தியில் இன்னும் ஆவி பறந்தால்
வேகத்துக்கு டொக்டர் தேவையில்லை.
நெஞ்சு துலா மிதிக்கும்.
இரத்தம் வாய்க்கால் வாய்க்காலாக மேலேறுவதாக நினைத்துக்கொள்வேன்.
எங்கள் பக்கத்தில் கடைசி வயலுக்குத்தான்
எப்போதும் தண்ணீர் பிந்தி வரும்.
சண்டை பிடித்தால் வரும். சில வருடம் வராது.

நாற்பத்தோராம் நாள், வானுக்குக் கிட்ட,
கல்லொன்றில் கால் இடறி
வாய் தானாகச் சொன்னது:
"புனல்!"

வீச்சுவலைக்கார ஞானராசா திரும்பிப் பார்த்தான்.
"என்னக்கா?"
"புனல்."
"இங்க இல்லையக்கா. ஒட்டுசுட்டான் கடையில் கிடக்கும்,
நூற்றைம்பது ரூபா."
காலடியில் குளம் முழுவதும்
அதே சொல்லின் மற்றப் பொருள்
வான் பாய்ந்துகொண்டிருந்தது.

அதன் பிறகு அரிதட்டு வந்தது.
சங்கத்து அலுமாரி இலக்கம் வந்தது.
தர்மினியின் மகள் பிறந்த திகதி, கேட்காமலே.
நேற்றுத் 'திறப்பு' போய்விட்டது,
கைக்குள் அதை வைத்துக்கொண்டே
வாசலில் நின்றேன்.
இரும்பும் குதிரையும் ஒரே வீட்டில் இருக்கின்றன,
எது எப்போது வெல்லும் என்று கொப்பியில் எழுதியில்லை.

ஒரு பெயர் மட்டும் பிடிபடுகுதில்லை.
பொக்கணையில் இரண்டு நாள்
என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு நடந்த பிள்ளை.
ஆருடைய பிள்ளையோ.
கேட்டேன், சொன்னது.
சத்தத்தில் விளங்காமல் திரும்பக் கேட்டேன்,
திரும்பவும் சொன்னது.
பேந்துதான் இந்த இரும்பு.

'ச'வில் தொடங்கும். இல்லாவிட்டால் 'செ'.
இரண்டாம் துருசு தாண்டினால்
நாக்கின் நுனிவரை வருகிறது,
வந்து, என்னைப் பார்த்துவிட்டு, திரும்பிப் போகிறது.

இன்று மழை விட்டிருக்கிறது.
செருப்பை இறுக்கிக்கொண்டேன்.
கதைக்கேலும், பாடேலாது.
ச. சா. சி.