தலைகீழாக உலர்த்துவது

வாரம் ஆறு நாள் நான் அவற்றைச் சுரண்டி எறிகிறேன்.
அதற்குத்தான் சம்பளம்.
சான் லூயிஸ் போத்தோசியின் தெருக்களில்
கம்பிக்குக் கம்பி
சாம்பல் நிறத்தில் சுருண்டு உட்கார்ந்திருக்கும்,
யாரோ கம்பியில் தலைசீவி
சிக்குமுடியை விட்டுப்போன மாதிரி.

மண் கிடையாது. தொட்டி கிடையாது.
வேர் உண்டு; குடிக்க அல்ல,
பிடித்துக்கொள்ள மட்டும்.
ஒட்டுண்ணி என்று மாதாமாதம்
பதிவேட்டில் எழுதுகிறார் மேற்பார்வையாளர்.
கம்பியில் உறிஞ்ச என்ன இருக்கிறது, இஞ்சினியர்,
நூற்றிருபத்தேழு வோல்ட்டையா குடிக்கிறது
என்று ஒருமுறை கேட்டேன்.
லாரியில் யாரும் சிரிக்கவில்லை.

மார்ச்சில் ஒருநாள், நல்ல காற்று.
சுரண்டியதில் ஒன்று தரையில் விழாமல்
என் சட்டைக் கைமடிப்பில் தங்கிவிட்டது.
வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்த்தேன்.

கிரிசெல்தாவுக்கு ரொட்டி ஆலையில் இரவு ஷிப்ட்.
நான் உள்ளே வரும்போது அவள் செருப்பு மாட்டுவாள்,
அவள் வரும்போது நான்.
கதவுப்பிடியில் மிச்சமிருக்கும் சூடுதான்
எங்கள் பேச்சுவார்த்தை.
அவள் கண்ணில் படட்டும் என்று
சமையலறை ஜன்னல் கிராதியில் அதைக் கட்டினேன்,
பையில் எப்போதும் கிடக்கும் செம்புக் கம்பியால்,
நல்ல கம்பி, பளபளவென்று,
மூன்று சுற்று, ஒரு முறுக்கு,
பதினெட்டு வருஷக் கைப்பழக்கம்.

ஒரே மாதத்தில் அடியிலிருந்து கறுத்தது.
தண்ணீர் போதவில்லை என்று நான் தெளித்தேன்.
தண்ணீர் அதிகம் என்று அவள் துடைத்தாள்.
ஒருவர் செய்வது ஒருவருக்குத் தெரியாது.
ஒருநாள் தொட்டபோது
நடுக்குருத்து
பால்பல் போலக் கையோடு வந்தது.

செவ்வாய்ச் சந்தையில் கள்ளிச்செடி விற்கும் ஓதிலியா
செத்ததை விரலால் புரட்டிப் பார்த்தாள்.
எதால் கட்டினாய்?
சொன்னேன்.
செம்பு இதற்கு விஷமப்பா.
தூண்டில் நரம்பு போதும்,
அதையும் இரண்டு மாதத்தில் அறுத்துவிடு,
பிறகு அதுவே பிடித்துக்கொள்ளும்.

அன்று ராத்திரி பையைக் கவிழ்த்து
கம்பித் துண்டுகளை எண்ணினேன்.
நாற்பத்தொன்று.
எதற்கு எண்ணினேன் என்று தெரியவில்லை.

இரண்டாவதைச் சுரண்டவில்லை.
லைனை அணைத்துவிட்டு, இரண்டு விரலால்,
தூங்கும் குழந்தையின் பிடியிலிருந்து
கிலுகிலுப்பையை எடுப்பதுபோல.

இப்போது ஞாயிறுதோறும்,
இருவரும் வீட்டிலிருக்கும் அந்த ஒரே காலையில்,
மழை பிடித்த வாளியிலிருந்து ஒரு கிண்ணம்.
குழாய்த் தண்ணீர் வேண்டாம், வெள்ளை படியும்.
அரைமணி முங்கிக் கிடக்கும்.
சாம்பல் மெல்ல மெல்லப் பச்சையாகும்,
அதற்கு இலையெல்லாம் நாக்கு.
பிறகு எடுத்து உதறி
துண்டின் மேல் தலைகீழாகக் கவிழ்க்க வேண்டும்,
குருத்தில் ஒரு சொட்டு தங்கினாலும் அழுகும்.
கவிழ்ப்பது அவள் வேலை.
என் கை முறுக்கும் கை என்கிறாள்.

அந்த அரைமணியில்
காபி இரண்டு தடவை சூடாகிறது.
அவள் ஆலையின் புது அடுப்பைப் பற்றிச் சொல்கிறாள்,
நான் கேட்கிறேன்,
அல்லது கிண்ணத்தைப் பார்க்கிறேன்.

ஜூனில் ஒரு விடிகாலை
குளிர்பெட்டிக் கதவில் அவள் கையெழுத்து:
பூ.
அவ்வளவுதான் எழுதியிருந்தாள்.
கண்ணாடி போட்டுத் தேடிக் கண்டுபிடித்தேன்,
ஊதா, ஒரு குருணையளவு.
பேருந்தைத் தவறவிட்டேன்.

போன ஞாயிறு கிண்ணத்தை மறந்துவிட்டோம்,
ஒன்றரை மணி நேரம்.
என்ன பேசிக்கொண்டிருந்தோம் என்று கேட்காதீர்கள்.
செடிக்கு ஒன்றும் ஆகவில்லை.

திங்கள். லாரி. கம்பி.
மேலேயிருந்து விழுகின்றன, சத்தமில்லாமல்,
நான் எண்ணுவதில்லை.
சட்டைக் கைகளை மட்டும்
வெயிலோ குளிரோ
நன்றாக அகல மடித்துவிட்டுக்கொண்டுதான் ஏறுகிறேன்.