ஈரப்பதம் நாற்பது

கொடிமலையில் ஒரு பழைய பங்களா.
ஏர்கோனில் தண்ணீர் ஒழுகுகிறது என்று கூப்பிட்டிருந்தார்கள்.
வேலை முடிந்து இறங்கும்போது
வாசலில் தனியாக நின்ற பைன் மரத்தடியில்
மழையில் ஊறிக் கிடந்தது ஒரு கூம்பு,
செதில் மேல் செதில் படிந்து
ஐஸ் பெட்டியில் கிடக்கும் மீன் மாதிரி.
ஸ்பேனர்களுக்கு நடுவே போட்டுக்கொண்டேன்.

மலையில் அதற்கு நாளே வாய்ப்பதில்லை.
காலையில் மேகம், மாலையில் மழை.
நடுவில் கிடைக்கும் ரெண்டு மணி வெயிலில்
லேசாக வாய் பிளந்துவிட்டு
மறுபடி இறுக்கிக்கொள்ளும்.

மறுநாள் கொம்தார், முப்பத்தோராம் மாடி, சர்வர் அறை.
பையைக் கொட்டித் தேடியதில் கூம்பை எடுத்து
அலமாரி மேல் வைத்தேன். மறந்தும் போனேன்.

பத்து நாள் கழித்து ஃபில்டர் கழுவப் போனால்
பாக்கியவதி அக்கா ஒரு காகித உறையை நீட்டினார்.
"கூட்டக் கூட்ட வருது தம்பி. ஈசல் செறகு.
மருந்தடிக்கச் சொல்லிட்டேன்."

ஈசல் இல்லை, அக்கா.
ஈசல் மழை வாசனைக்கு வெளியே வரும்.
இது மழை போய்விட்டது என்று தெரிந்தால்தான் வரும்.
உறைக்குள் ஒவ்வொரு சிறகின் அடியிலும்
எள்ளைவிடக் கொஞ்சம் பெரிதாய் ஒரு விதை.

அலமாரி மேல் கூம்பு
அத்தனை செதிலையும் விரித்து உட்கார்ந்திருந்தது.
சுவரில் மீட்டர்: ஈரப்பதம் நாற்பது.
அதை நாற்பதில் நிறுத்தத்தான் எனக்குச் சம்பளம்.
அந்தக் காற்றிலிருந்து பிழிந்த தண்ணீர்
குழாய் வழியே வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது.
நல்ல காய்ந்த காற்று, கிளம்பலாம் என்று
யாரோ சொன்னதை நம்பி
ஜன்னலே இல்லாத அறையில் பறந்திருக்கின்றன.

அந்த யாரோ நான்.

படிக்கட்டுப் பக்கம் ஒரு கண்ணாடி நாலு விரல் திறக்கும்.
ஒரே ஒரு விதையை வெளியே விட்டேன்.
முதலில் விழவே இல்லை.
அப்புறம் சுழன்று சுழன்று
பினாங்கு ரோட்டுப் பக்கம் சாய்ந்தது.
ஒரு பஸ்ஸின் கூரை வரை தெரிந்த மாதிரி இருந்தது.
மீதியை விட மனசு வரவில்லை.

வீட்டில் வெறும் கூம்பைத் தண்ணீரில் போட்டேன்.
சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் மூடிக்கிடக்கிறது,
களவு போன பிறகும்
தவறாமல் பூட்டப்படும் வீடு.
உயிர் எதுவும் இல்லை. கட்டைதான்.
ஈரம் பட்டால் மடங்கும், அவ்வளவுதான்.

உறை சட்டைப்பையில் இருக்கிறது.
கொடிமலையில் அடுத்த சர்வீஸ் பதினேழாம் தேதி.
அன்றைக்கும் மழை என்கிறார்கள்.